குமிழில் வைத்த கை: நேரடி இசையரங்கு ஒலிப்பதிவில் ஒலிமட்டத் தீர்மானம் – ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மூலங்கள் எவை என்னும் வினாவுக்குக் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏடு, பிறநாட்டார் குறிப்பு என வரிசைப்படுத்தி விடை எழுதுவது பாடசாலைக் காலத்திலிருந்தே நமக்குப் பழகிப்போன ஒன்றாகும். அவ்வரிசையில் ஒலிப்பதிவு பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் ஈற்றிலேயே வந்து நிற்கும். ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் இசையை ஆராயப் புகும் ஒருவருக்கு ஒலிப்பதிவே தலையாய மூலமாகும். கல்வெட்டைப் படிப்பவர் கல்லின் சிதைவையும் பொறித்தவனின் கைப்பிழையையும் கணக்கில் எடுக்கின்றார். ஏட்டைப் பதிப்பிப்பவர் பாடவேறுபாடு நோக்குகின்றார். ஒலிப்பதிவைக் கேட்பவர் மட்டும், அன்று அரங்கில் ஒலித்தது இதுவே என ஐயமின்றி நம்பிவிடுகின்றார். அந்நம்பிக்கை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, ஒலிமட்டம் வைத்தல் என்னும் ஒரேயொரு செயலின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று. எங்கள் பெரியப்பாவிடம் ஒரு கசற்று உண்டு. மத்திய கிழக்கில் வேலை பார்த்துத் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சிறிய ரேப் ரெக்கோடரில், 1982ஆம் ஆண்டு எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவின் மேளக்கச்சேரியைப் பதிந்தது அது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது உடுபுடவைகளுக்கு நடுவே பொலித்தீனில் சுற்றி எடுத்துச் செல்லப்பட்ட சில பொருள்களுள் அதுவும் ஒன்று. அன்று வாசித்த நாதசுரக் கலைஞருக்கு வேறு ஒலிப்பதிவு எதுவும் இருப்பதாக எங்கள் குடும்பத்தில் எவரும் அறியார். அக்கசற்றை நான் முதன்முறை கேட்டபோது ஒரு விந்தையைக் கவனித்தேன். தவிலின் அடி விழுந்தவுடன் நாதசுரம் மறைந்துபோகின்றது. பின்னர் மெல்ல மெல்ல எழுந்து வருகின்றது. அடுத்த அடியில் மீண்டும் மறைகின்றது. ஆலாபனையில் கலைஞர் மூச்செடுக்கும் இடைவெளிகளிலோ சனங்களின் பேச்சும் சிறுவர்களின் கூச்சலும் பொங்கி எழுகின்றன.

“பெரியப்பா, நாயனம் ஏன் விட்டு விட்டுக் கேக்குது?” என்று வினவினேன்.

“அது மெசின் செய்யிற வேலை தம்பி. சத்தம் கூடினா அது தானாக் குறைச்சுப்போடும். குறைஞ்சாத் தானாக் கூட்டும். எங்களுக்கு அதிலை ஒரு வேலையும் இல்லை” என்றார்.

அவர் கூறியது முற்றிலும் சரியானதே. அத்தகைய மலிவான கருவிகளில் ஒலிமட்டத்தைத் திருத்துவதற்கு வேண்டிய குமிழ் இருப்பதில்லை. உள்ளே அமைந்த ஒரு மின்சுற்று, பெரிய ஒலி வந்ததும் பெருக்கத்தைச் சட்டெனக் குறைத்து, பின்னர் ஆறுதலாக அதனை உயர்த்திக்கொள்கின்றது. பேச்சைப் பதிவதற்கு இது போதுமானது. மெல்லென்றும் வல்லென்றும் மாறி மாறிச் செல்வதையே உயிராகக் கொண்ட இசைக்கு அது செய்யும் தீங்கை அக்கசற்றில் தெளிவாகக் கேட்கலாம். அந்த நாதசுரக் கலைஞர் மெலிதாக வாசித்த இடம் எது, உரத்து வாசித்த இடம் எது என்பதை இன்று எவராலும் அதிலிருந்து மீட்டெடுத்தல் அரிது. இராகம் இருக்கின்றது, தாளம் இருக்கின்றது, மேடுபள்ளம் இல்லை.

ஒலிப்பதிவுக் கருவி எதுவாயினும் அதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. கீழெல்லை கருவியின் சொந்த இரைச்சல்; மேலெல்லை அது தாங்கக்கூடிய மிகப்பெரிய ஒலி. மட்டத்தைத் தாழ்த்தி வைத்தால் மெல்லிய இசை இரைச்சலில் மூழ்கும். உயர்த்தி வைத்தால் உரத்த இசை மேலெல்லையில் மோதிச் சிதையும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதே பதிவாளரின் தீர்மானம். கலையகத்திலே ஒரு பாட்டைத் திரும்பப் பாடச் சொல்லலாம். அரங்கிலே அது முடியாது. இனி வரப்போகும் ஒலி எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதை, அது வருமுன்னரே பதிவாளர் அறிந்திருத்தல் வேண்டும். இச்சிக்கலின் முழு வரலாறும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்தே கிளைக்கின்றது எனலாம்.

ஆரம்பத்தில் தீர்மானம் பதிவாளரிடம் இருக்கவில்லை. பாடுபவரின் உடம்பிலேயே இருந்தது. 1902 நவம்பரில் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிந்தபோது அவரிடம் ஒலிவாங்கியும் இல்லை, மின்பெருக்கியும் இல்லை. ஒரு கூம்புக்குழலின் வாயிலே பாடப்பட்ட குரலின் அழுத்தமே மறுமுனையிலுள்ள ஊசியை அசைத்து மெழுகிலே கோடு கீறியது. அக்காலப் பதிவுகளில் ஒலிமட்டம் என்பது குழலுக்கும் வாய்க்கும் இடையிலான தூரமேயன்றி வேறன்று. மெல்லிய குரலுக்கு நெருங்கி நிற்கவேண்டும். உச்சத்தில் பாடும்போது பின்வாங்க வேண்டும். வாத்தியக் குழுவாயின் உரத்த கருவிகள் அறையின் பின்புறத்தில் நிறுத்தப்பட்டன. தம் குரலின் இயல்பான ஏற்ற இறக்கத்தைத் தாமே மட்டுப்படுத்திப் பாடக் கற்றவர்களே நல்ல பதிவுக் கலைஞர் எனப் பெயர் பெற்றனர். எனவே அவ்விசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு ‘அக்காலத்தார் ஒரே சீரான உரத்த குரலிற் பாடினர்’ என முடிவுகட்டுவது ஆபத்தானது.

1925ஆம் ஆண்டு மின்முறைப் பதிவு வழக்கத்துக்கு வந்தது. ஒலிவாங்கியும் பெருக்கியும் வந்தன. அவற்றோடு குமிழும் வந்தது. தீர்மானம் பாடகரை விட்டுப் பதிவாளரின் விரல்களுக்கு மாறிய காலம் இதுவேயாகும். வானொலி நிலையங்களில் இதற்கெனவே ஒரு தொழில் உருவாயிற்று. பிரித்தானிய வானொலியில் இசைநிகழ்ச்சிகளுக்கு மட்டம் பிடித்தவர்கள் இசைப்பிரதியை முன்னே விரித்துவைத்துக்கொண்டு, வாத்தியங்கள் அனைத்தும் ஒன்றாய் முழங்கும் இடம் வருமுன்னரே குமிழை மெல்ல இறக்கிவிடுவர். கேட்பவருக்கு அவ்விறக்கம் தெரியக்கூடாது. இசை எழுதப்பட்டிருந்தமையால் இது சாத்தியமாயிற்று. மனோதர்மத்தையே அடிப்படையாகக் கொண்ட நமது கச்சேரியில் விரித்துவைப்பதற்குப் பிரதி ஏது? பதிவாளர் நல்ல இரசிகராகவும் இருந்தாலன்றி, சங்கதிகள் வளர்ந்து உச்சத்தை நெருங்குவதை உணர்ந்து அவரால் முன்கூட்டியே கைவைக்க இயலாது. ஒலிமட்டம் வைத்தலைத் தொழினுட்பம் என்று மட்டும் கொள்வது குறைநோக்கு என நான் கருதுவதற்கு இதுவே காரணம். அது இசையறிவும் ஆகும்.

பதிகருவி கலையகத்தை விட்டு வெளியே வந்த கதை தனியானது. 1933ஆம் ஆண்டு ஜோன் லோமாக்ஸ் தம் மகன் அலனுடன் அமெரிக்கத் தென்மாநிலங்களிற் பயணம் செய்தபோது, அவர்களது மோட்டார் வண்டியில் ஏற்றப்பட்ட தட்டு வெட்டும் பொறி 300 இறாத்தலுக்கும் மேற்பட்ட நிறையுடையது. லூசியானாவின் அங்கோலாச் சிறையிலே லெட்பெலி என்னும் கறுப்பினப் பாடகரை அவர்கள் பதிந்தது அப்பயணத்திற்றான். அதனைக் ‘கொண்டுசெல்லக்கூடிய’ கருவி என்று கூறினால் இன்று நமக்குச் சிரிப்பு வரலாம். நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். ஒல்லாந்தரான ஆர்னோல்ட் பாக்கே இந்தியா, நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளில் இசை பதிந்தவர். அவர் 1938–39இல் தென்னிந்தியாவிற் பதிந்த கலைமரபுகளின் பின்னைய நிலையை ஆராய, நசீர் ஜைராஸ்பாய் 1984இல் அதே இடங்களுக்குச் சென்றார். அவ்வாய்வுக்கு அடிப்படை மூலமாக அமைந்தவை பாக்கேயின் பழைய பதிவுகளேயாகும்.

இசையரங்கு ஒன்றைத் தன் விருப்பத்தினாலே பதிந்த தனிமனிதர் என்றவகையில் என்னைப் பெரிதும் கவர்ந்தவர் ஜெரி நியூமன். 1941இல் அவர் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து மாணவர், நம்மைப் போன்றவர். ஹாலெமில் மின்ரன்ஸ் என்னும் இரவு விடுதிக்குத் தமது தட்டு வெட்டும் கருவியைச் சுமந்து சென்று, ஜாஸ் கலைஞர்கள் நள்ளிரவுக்குப் பின் தமக்குள்ளே வாசித்ததைப் பதிந்தார். கிற்றார் வாசித்த சார்லி கிறிஸ்தியன் மறுவருடமே தமது 25ஆவது வயதில் மறைந்தார். நவீன ஜாஸ் முளைவிட்ட காலத்தில் அவர் எவ்வாறு வாசித்தார் என்பதற்கு நியூமனின் அத்தட்டுகளே தலையாய சான்று. தட்டு வெட்டுவதில் மட்டப்பிழை உடனே கண்ணுக்குத் தெரியும். ஒலி மிகுந்தால் வெட்டும் ஊசி அகலமாக அசைந்து பக்கத்துச் சாலுக்குள் பாய்ந்துவிடும்; அத்தோடு அத்தட்டு கெட்டது. ஒலி குறைந்தால் மேற்பரப்பின் கரகரப்பே மிஞ்சும். ஒரு பக்கத்தில் சில நிமிடங்களே கொள்ளும் தட்டு, குடித்துக் களிக்கும் கூட்டம், எப்போது எவர் எழுந்து வாசிப்பார் என்பது தெரியாத மேடை – இவற்றுக்கிடையே அவ்விளைஞர் மட்டம் பிடித்தார். அவரது பதிவுகளுள் ஒன்று பாட்டின் நடுவிலிருந்தே தொடங்குகின்றது. அதனை ஒரு குறையாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

இக்காலத்திலேயே ஒலியை அளக்கும் மானிகளும் ஒழுங்கு பெற்றன. 1939இல் பெல் ஆய்வுகூடமும் இரு பெரும் அமெரிக்க வானொலி நிறுவனங்களும் கூடி வகுத்த வி. யூ. மானி அடுத்த அரை நூற்றாண்டு முழுவதும் உலகெங்கும் நிலைத்தது. அதன் முள் உரிய இடத்தை அடைய ஒரு செக்கனின் 10இல் 3 பங்கு நேரம் எடுக்கும். காது உணரும் சராசரி உரப்பை அது நன்கு காட்டும். ஆனால் அதற்குள் வந்து போய்விடும் தோற்கருவியின் அடியைக் காட்டாது. பறையோ தவிலோ மிருதங்கமோ, அடியின் உண்மை உச்சம் முள் காட்டுவதிலும் 10 டெசிபெல்லுக்கு மேல் உயர்ந்திருத்தல் கூடும். ஐரோப்பியர் இதனை உணர்ந்து, உச்சத்தை விரைந்து பற்றும் வேறுவகை மானியைக் கைக்கொண்டனர். 1958இல் வெளிவந்த நாக்ரா 3 என்னும் மின்கல ஒலிநாடாக் கருவியிலும் ஸ்ரெபான் குடெல்ஸ்கி உச்சமானியையே வைத்தார். வி. யூ. மானியோடு வேலை செய்தவர்களோ தம் அனுபவத்தினால் அதனைத் திருத்திப் படிக்கப் பழகினர்: குரலுக்கு முள் இவ்வளவு ஏறலாம், பியானோவுக்கு இவ்வளவுதான், தோலுக்கு இன்னும் கீழே என்று. கருவி கூறாததைக் கை கற்றுக்கொண்டது.

ஒலிநாடாவின் வரலாற்றை இங்கு விரிக்கத் தேவையில்லை. 1936 நவம்பர் 19ஆம் நாள் ஜேர்மனியின் லூட்விக்ஸ்ஹாபன் நகரில் தோமஸ் பீச்சம் நடத்திய இலண்டன் வாத்தியக் குழுவின் இசையரங்கு மக்னெற்றோபோன் கருவியிற் பதியப்பட்டதும், 1940இல் உயர் அதிர்வெண் முறை கண்டறியப்பட்டு நாடாவின் இரைச்சல் பெரிதும் தணிந்ததும் இதன் மைல்கற்களாகும். நமக்கு முக்கியமானது நாடாவின் குணம். தட்டைப் போல அது சடுதியாகக் கெடுவதில்லை. மேலெல்லையை அணுகும்போது ஒலி சிறிது சிறிதாக நசிந்து தடிக்கும். காதுக்கு அது அவ்வளவு கொடுமையாகவும் இராது. ஆகவே முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு மீளவேண்டும் என்பதே நாடாக்காலத்தின் எழுதாச் சட்டமாயிற்று. 1963இல் பிலிப்ஸ் கொம்பனி அறிமுகப்படுத்திய கசற்று 3.81 மில்லிமீற்றர் அகல நாடாவை செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓட்டியது. அத்துணை ஒடுங்கிய, மெதுவான நாடாவில் இரைச்சல் அதிகம், இடைவெளி சிறிது. மட்டம் வைப்பதில் உள்ள தவறுக்கு அது பெரிய நூலகங்களின் அகன்ற நாடாவைப் போல மன்னிப்பு அளிப்பதில்லை.

இந்தக் கசற்றை வைத்துக்கொண்டே இசையரங்குப் பதிவை ஒரு சமூகப் பழக்கமாக வளர்த்தவர்கள் அமெரிக்காவின் கிரேற்புல் டெட் குழுவினுடைய இரசிகர்கள். 1965இல் கலிபோர்ணியாவில் தோன்றிய இக்குழு ஒரே பாட்டை ஒவ்வோர் இரவும் வேறுவிதமாக வாசித்தது. எனவே ஒவ்வோர் இரவும் பதியத்தக்கதாயிற்று. குழுவின் ஒலியமைப்பாளரான ஔஸ்லி ஸ்ரான்லி தம் ஒலியமைப்பைப் பரிசோதிப்பதற்கென்றே அரங்குகளைப் பதிந்துவந்தார். பெற்றி கன்ரர் என்னும் பெண் பதிவாளர் 1977 மே 8ஆம் நாள் கோர்ணெல் பல்கலைக்கழகத்திற் பதிந்த அரங்கு, பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. 1986இல் வாடகைக் களஞ்சியம் ஒன்றிலிருந்து அவருடைய நாடாக்கள் ஏலத்திற் போயின; அவை அழியாமல் எஞ்சியது ஒரு தற்செயலே.

இரசிகர்களின் நிலை வேறு. ஒலிவாங்கிக் கம்பங்கள் மண்டபத்திற் காடாக வளரவே, 1984 ஒக்ரோபரில் பேர்க்லியில் நடந்த அரங்கில் பதிவோருக்கெனத் தனியிடம் ஒதுக்கப்பட்டது. அவர்கள் கையாண்ட சோனி ரி.சி.-டி.5 போன்ற கருவிகளில் குமிழும் முள்ளும் இருந்தன. ஒத்திகை பார்க்க வாய்ப்புத்தான் இல்லை. திரை விலகும்போது கூட்டம் எழுப்பும் ஆரவாரம் ஒலிவாங்கிக்கு அருகில் இருப்பதால் இசையினும் உரத்துப் பதியும். அதனைக் கண்டு குமிழை இறக்கியவன் முதற்பாட்டை இரைச்சலுக்கு இரையாக்குவான். இறக்காதவன் அடுத்த பாட்டில் வருந்துவான். முதற்பாட்டு மட்டம் பிடிப்பதற்கான பலி என்றே கொள்ளவேண்டியிருந்தது. மேலும் ஒருவரது கருவியின் வெளிவாயிலிலிருந்து மற்றொருவர், அவரிடமிருந்து வேறொருவர் எனக் கம்பி இழுத்துத் தொடராகப் பதியும் வழக்கமும் இருந்தது. அவ்வாறாயின் தலைக்கருவியில் கைவைத்தவரின் பிழை தொடர் முழுவதற்கும் பொதுவாகும். ஏட்டுச்சுவடிகளின் வழிமரபை ஆராய்வோர் ஒரு மூல ஏட்டின் பிழை அதன் படிகளிலெல்லாம் தொடர்வதைக் காட்டுவர் அன்றோ? அதே நியாயம் இங்கும் செல்லும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. இதனை அறியாமல் ஏமாந்தோர் பலர். ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னோட்டம் குமிழை அடையுமுன்னர் ஒரு முதற்பெருக்கியைக் கடக்கும் வகையிற் பல கருவிகள் அமைக்கப்பட்டிருந்தன. மிக உரத்த அரங்கில் அம்முதற்பெருக்கியே தாங்காது உடைந்துவிடும். பதிவாளர் குமிழை இறக்குவார். முள்ளும் கீழே வந்து அடக்கமாக நிற்கும். பதிந்ததோ ஏற்கெனவே உடைந்த ஒலி. மானி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட வினாவே வேறு. கருவிக்கு முன்னே ஒலியைத் தணிக்கும் சிறு தடையை இணைப்பதே இதற்கு மருந்து.

1987இல் எண்முறை நாடாவாகிய டாற் வந்தபோது பழைய பழக்கம் பகையாயிற்று. 16 துணுக்கு முறையிற் கொள்கையளவில் 96 டெசிபெல் இடைவெளி கிடைத்தது. கசற்றோடு ஒப்பிட இது பெருஞ்செல்வம். ஆனால் மேலெல்லையில் நாடாவின் இரக்கம் இல்லை. அதற்கு மேற்பட்ட அலை கத்தியால் அரிந்தாற்போல் தட்டையாக வெட்டுப்படும். முள்ளைச் சிவப்பில் ஆடவிட்டுப் பழகிய கைகள் சிவப்பைக் கண்டு அஞ்சக் கற்க வேண்டியதாயிற்று. பின்னர் வந்த 24 துணுக்கு முறை அச்சத்தைத் தணித்தது. கொள்கையளவில் 144 டெசிபெல். உச்சத்துக்குக் கீழே 12 டெசிபெல், அதாவது அலையின் உயரத்தை நான்கில் ஒன்றாக்கி, இடம் விட்டு வைத்தாலும் இரைச்சல் தொல்லை தராது. 2019 முதல் சிறிய கருவிகளிலும் வந்துள்ள 32 துணுக்கு மிதவைப்புள்ளி முறையில் கோப்புக்கு மேலெல்லை என்பதே நடைமுறையில் இல்லை. பதிந்து முடிந்தபின் வீட்டிலிருந்து மட்டம் வைக்கலாம். அரங்கு தொடங்குமுன் செய்யவேண்டிய தீர்மானம் இவ்வாறு அரங்கு முடிந்தபிற்பாடு செய்யும் ஒன்றாகிவிட்டது. இனி மட்டம் வைக்கத் தேவையே இல்லை என்று விளம்பரங்கள் கூறுகின்றன.

கடந்த ஆண்டுத் திருவிழாவில் நண்பனொருவனிடம் அத்தகைய கருவியை இரவல் பெற்று, மேளகாரர் இருந்த இடத்திலிருந்து ஆறடி தள்ளி வைத்தேன். தவிற்சமா நடந்தபோது நான் கருவியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வீட்டிலே கேட்டபோது ஒவ்வோர் அடியிலும் வெடிப்பு. கணினியில் மட்டத்தை எவ்வளவு இறக்கினும் வெடிப்பு, சிறிய வெடிப்பாகியதேயன்றி மறையவில்லை. கோப்புக்கு எல்லை இல்லாதிருக்கலாம். கருவியோடு பொருந்திய ஒலிவாங்கிக்கு எல்லை உண்டு. அவ்வளவு கிட்டத்தில் அது தாங்கவில்லை. விளம்பரத்தை நம்பியது என் பிழை.

மறுநாள் பெரியப்பாவும் உடன் வந்தார். கருவியை வாங்கி அங்குமிங்கும் திருப்பிப் பார்த்தார். “இதிலை குமிழ் எங்கை?” என்றார். இல்லை என்றேன். சிறிது நேரம் மேளத்தைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் இரண்டு தூண்கள் பின்னே நடந்து, மூன்றாவது தூணின் அடியில் அதனை வைத்துவிட்டு வந்தார். அவ்விரவின் பதிவிலே தவில் உடையவில்லை. நாதசுரத்தின் மெல்லிய இடங்களும் உரத்த இடங்களும் தனித்தனியே கேட்கின்றன. தூணுக்கு வெளியே நின்ற ஐஸ்பழக்காரரின் மணியும் அவற்றோடு சேர்ந்து நன்றாகவே கேட்கின்றது.